நிறுத்தச் சொல்லும் வேலை

விபத்து நடக்காத நாளுக்கு யாரும் மாலை போடுவதில்லை. அணு உலையைத் தொடங்கி வைத்தவரின் படம் நாளிதழில் வரும். ‘அந்த பம்பைச் சரிசெய்யும்வரை உலையை ஓட்ட வேண்டாம்’ என்று கோப்பில் எழுதியவரின் பெயர் எங்கும் வராது. ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குத் தெரியாமலும், தவறினால் மட்டும் தெரிந்தும் போகிற வேலை அது. இந்த வேலையின் இலக்கணம் நமக்குப் புதிதல்ல. படுத்த பிறகும் எழுந்துபோய் கேஸை மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவளை வீடு பாராட்டுவதில்லை, நச்சரிக்கிறவள் என்று சொல்லிச் சிரிக்கும்.

அணுப் பாதுகாப்பை மேற்பார்வையிடுவது இப்படிப்பட்ட வேலை. அதைச் செய்தவர்களின் வாழ்க்கை எப்படி எழுதப்படுகிறது என்பதைத்தான் இங்கே விமர்சிக்க விரும்புகிறேன். இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இந்தியாவின் ஏ.கோபாலகிருஷ்ணன், இன்னொருவர் கனடாவின் லிண்டா கீன். இருவரையும் பற்றி வந்த எழுத்துகளைப் படித்தபோது, நாம் பெண் சாதனையாளர்களைக் கொண்டாடும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. ‘முதல் பெண்’ யார் என்று கேட்கிறோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘நிறுத்து’ என்று சொன்னால் மறுநாளும் அதில் உட்கார முடியுமா என்று கேட்பதில்லை.

முதலில் கோபாலகிருஷ்ணன். இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று ஓர் அரசாணையால் அமைக்கப்பட்டது. நாட்டின் அணு உலைகளிலிருந்து தெருமுனை எக்ஸ்ரே மையம்வரை கதிர்வீச்சு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கண்காணிப்பது அதன் பொறுப்பு. ஆனால் வாரியம் பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே அணு உலைகளைக் கட்டி நடத்தும் அணுசக்தித் துறையின் செயலாளர். மாமியார் வீட்டில் நடக்கும் கொடுமையை விசாரிக்க மாமியாரையே தலைவராகப் போட்ட பஞ்சாயத்து போன்ற ஏற்பாடு.

பெர்க்லியில் அணுப் பொறியியல் படித்த கோபாலகிருஷ்ணன் 1993இல் இந்த வாரியத்தின் தலைவரானார். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் தகடுகள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்ததில் நிலையம் முழுவதும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனது. ஊழியர்கள் கையில் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, போரான் கரைசலைத் திறந்துவிட்டு, உலையில் அணுப்பிளவு மறுபடி தொடங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு மே 13 அன்று, கர்நாடகத்தின் கைகாவில் கட்டிக்கொண்டிருந்த உலையின் காப்புக் குவிமாடத்தின் உட்பகுதி இடிந்து விழுந்தது. அதற்கு அடுத்த மாதம் குஜராத்தின் காக்ராபார் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது.

இந்த வரிசைக்குப் பிறகு 1995இல் வாரியம் ஓர் ஆவணம் தயாரித்தது. நாட்டின் அணு நிலையங்களில் சரிசெய்ய வேண்டிய ஏறத்தாழ 130 பாதுகாப்புக் குறைகள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. 95 குறைகள் உடனே கவனிக்க வேண்டியவை என்று குறிக்கப்பட்டிருந்தன. 1996இல் கோபாலகிருஷ்ணனின் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. நீட்டிப்பு தரப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பத்திரிகைகளில் வெளிப்படையாக எழுதவும் பேசவும் தொடங்கினார். அந்த ஆவணத்தை வெளியிடக் கேட்டு மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மும்பை சர்வோதய மண்டலும் நீதிமன்றம் போயின. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தகவலை மறைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. மும்பை உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 2004இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

அவருக்குப் பின்னும் நாற்காலி இருந்தது. அதன் எல்லைதான் சுருங்கியது. 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. அவற்றை அந்த மையமே அமைத்த உள்குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2003 ஜனவரி 21 அன்று நம் கல்பாக்கத்தில், அந்த மையத்தின் எரிபொருள் மறுசுழற்சி ஆலையில், ஒரு வால்வு பழுதாகி ஆறு ஊழியர்கள் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சுயேச்சையான கண்காணிப்பு இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கேள்வி கேட்க வெளியாள் ஒருவர்கூட இல்லாத இடத்தில் நடந்தது என்பது மட்டும் உண்மை.

கோபாலகிருஷ்ணன் அணுசக்திக்கு எதிரி இல்லை. உள்நாட்டில் வடிவமைத்த கனநீர் உலைகளை ஆதரித்தவர். 2013இல் கூடங்குளத்துக்கு வந்த ரஷ்ய உதிரிபாகங்களின் தரம் பற்றி அவர் கேள்வி எழுப்பியபோதும், ஓட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார். ஆனால் அவரைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டே வகை. ஒரு தரப்புக்கு அவர் தனியாளாக நின்ற வீரர். மறு தரப்புக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்காத கசப்பில் பேசுகிறவர். இரண்டு கதையிலும் மையம் ஒரு மனிதரின் குணம். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டது என்பது இரண்டிலும் விட்டுப்போகிறது.

அவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. நான் படித்த அவருடைய கட்டுரைகளில் குழாய்கள், வால்வுகள், குழுக்கள், செயலாளர்கள் எல்லாம் துல்லியமாக இருக்கிறார்கள். உலையைச் சுற்றி வாழும் குடும்பங்கள் ‘பொதுமக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் கர்ப்பிணி தெரிவாள், ஒப்பந்தக் கூலியின் அழுக்குத் துணியைத் துவைப்பவள் தெரிவாள்.

இப்போது கனடாவுக்கு வருகிறேன். அங்கே நாற்காலியில் இருந்தவர் பெண். கோபாலகிருஷ்ணன் கதையில் மங்கலாகத் தெரிவது லிண்டா கீன் கதையில் பளிச்சென்று தெரியும்.

லிண்டா கீன் 2001இல் கனடா அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவரானார். ஒன்டாரியோ மாகாணத்தின் சாக் ரிவரில் 1957 முதல் ஓடிக்கொண்டிருந்த பழைய உலை ஒன்று இருந்தது. உலகில் புற்றுநோய், இதயநோய்ப் பரிசோதனைகளுக்குத் தேவையான ஐசோடோப்புகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. 2007 நவம்பரில் பராமரிப்புக்காக உலையை நிறுத்தியபோது ஒரு விஷயம் தெரியவந்தது. குளிர்விப்பு பம்புகள் இரண்டுக்கும் நிலநடுக்கத்தைத் தாங்கும் அவசர மின்இணைப்பு தந்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அந்த இணைப்பு தரப்படவே இல்லை. இணைப்பைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள் என்றது ஆணையம்.

உலை நின்றதும் ஐசோடோப்புத் தட்டுப்பாடு வந்தது. நோயாளிகள் காத்திருந்தார்கள், தொலைக்காட்சிகள் அதைக் காட்டின. டிசம்பரில் கனடா நாடாளுமன்றம் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அவசரச் சட்டம் போட்டு, ஆணையத்தின் நிபந்தனையைத் தாண்டி உலையை 120 நாள் ஓட்ட அனுமதித்தது. பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர், கீன் முந்தைய லிபரல் ஆட்சியில் நியமிக்கப்பட்டவர் என்பதை நாடாளுமன்றத்திலேயே சுட்டிக்காட்டினார். 2008 ஜனவரி 16 அன்று கீன் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்வதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் இரவு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். தலைவர் பதவி அரசு விரும்பும்வரைதான் என்று 2009இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே 2009 மே மாதம் அந்த உலையில் கனநீர் கசிந்தது. பதினைந்து மாதம் மூடிக்கிடந்தது. அதற்குக் காரணம் கலத்தில் ஏற்பட்ட அரிப்பு, பம்புக்கான மின்இணைப்பு இல்லை. ஆகவே ‘கீன் சொன்னது பலித்தது’ என்று எழுதுவது நேர்மையாகாது. அவர் சரி என்பதற்கு இன்னொரு விபத்தின் சாட்சி தேவையும் இல்லை. நிபந்தனை உரிமத்தில் எழுதியிருந்தது, நிறைவேற்றப்படவில்லை, அவர் நிறுத்தச் சொன்னார். அந்த நாற்காலிக்கு இருந்த ஒரே வேலையை அவர் செய்தார்.

கீனை விமர்சித்தவர்கள் பயன்படுத்திய ஆயுதத்தைக் கவனியுங்கள். நோயாளிகள் மேல் இரக்கம் இல்லாதவர், விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் என்ற தொனிதான் அது. ஓர் ஆண் அதிகாரியிடம் அறிவு இருக்கிறதா என்று கேட்பார்கள். பெண் அதிகாரியிடம் இதயம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நோயாளிகளின் துயரம் உண்மையானது. ஆனால் ஐம்பது வயதான ஓர் உலையை நம்பியே உலக மருத்துவத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, மாற்று ஏற்பாடு செய்யாமல் இருந்தவர்கள் யார்? அவர்களை யாரும் இரக்கமற்றவர்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் தள்ளிப்போட்ட வேலையின் பழி, கடைசியில் ‘இனி முடியாது’ என்று சொன்னவள் தலையில் விழுவது நமக்குத் தெரியாததா?

இங்கே ஒரு வாசகி கேட்கலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிற நமக்கு அணு உலை ஏது? கூடங்குளம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மும்பையில் இருக்கும் வாரியத்தைப் பற்றி நமக்கென்ன?

அந்த வாரியத்தின் கை நீள வேண்டிய இடம் நம் ஊர் எக்ஸ்ரே அறை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் வாரியத்தைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் 52,173 மையங்கள், அதாவது 91 விழுக்காடு, வாரியத்தில் பதிவு செய்யாமலே நடந்துகொண்டிருந்தன என்றது அந்த அறிக்கை. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லியும், கேரளத்திலும் மிசோரத்திலும் மட்டுமே அது அமைந்திருந்தது. அதற்குப் பிறகு இணையவழி உரிம முறை வந்து பதிவு கூடியிருக்கிறது. ஆனால் பதிவு என்றால் என்ன, பாதுகாப்பு என்றால் என்ன என்ற வித்தியாசத்தை நம் மாவட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய ஊர் சேலம். பெண்சிசுக்கொலை நடந்த ஊர் என்ற பெயரோடு நாம் வளர்ந்தோம். 1994இல் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அன்றிலிருந்து ஸ்கேன் மையம் ஒவ்வொன்றிலும் பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழேயே கண்ஜாடையில் சேதி சொன்ன கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். ஒழுங்குமுறை என்பது சுவரில் தொங்கும் பலகையாகச் சுருங்கினால் என்ன நடக்கும் என்பதை, அணுசக்தி நிபுணர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் இந்தச் சமவெளியின் பெண்கள்.

அந்த ஸ்கேன் அறையில் இருப்பது ஒலியலை, கதிர்வீச்சு இல்லை. பக்கத்து எக்ஸ்ரே அறையில் இருப்பதுதான் கதிர்வீச்சு. அங்கே நின்று படம் எடுப்பவர்களில் டிப்ளமா முடித்த இளம்பெண்கள் நிறையப் பேர். விதி தெளிவாக இருக்கிறது. கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. உடுப்பில் அளவுமானி பேட்ஜ் குத்த வேண்டும். அதைக் குறித்த காலத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பி அளவு பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று ஊழியர் தெரிவித்துவிட்டால், மீதி மாதங்களில் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது.

‘தெரிவித்துவிட்டால்’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தனியார் மையத்தில் வேலை பார்க்கும், என்னிடம் படித்த பெண் ஒருத்தி கேட்டாள்: “சொன்னா, அடுத்த மாசம் வேலைக்கு வரச் சொல்லுவாங்களாங்க மேடம்?” விதி புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நியமன உத்தரவும் இல்லாமல் மாதச் சம்பளத்துக்கு நிற்பவள், ஈய ஏப்ரன் கிழிந்திருக்கிறது, இன்றைக்கு இந்த மெஷினை ஓட்ட வேண்டாம் என்று யாரிடம் சொல்வாள்? ஒட்டாவாவில் ஆணையத் தலைவருக்கும் சேலத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இருவர் முன்னாலும் இருப்பது ஒரே கேள்வி: நிறுத்தச் சொன்ன பிறகு எனக்கு வேலை இருக்குமா?

கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே ஆகாது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படித் தெரியவந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், புற்றுநோயில் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடிக் கேள்விகள் அனுப்பினார். கர்ப்பக் காலத்தில் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்பது அவற்றில் ஒன்று. எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பது 1956இலும் 1958இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகளில் தெரிந்தது. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் நினைவை நம்ப முடியாது என்றார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் செய்த ஆய்வு 1962இல் அதையே காட்டியது. அப்படியும் மருத்துவ உலகம் முழுதாக ஏற்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. முதலில் பதில் தெரிந்திருந்தவர்கள் தாய்மார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதுதான் ஸ்டூவர்ட்டின் நிபுணத்துவம்.

நம் நாட்டில் அப்படிக் கேட்கவில்லை. 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்கள், எரிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள், விபத்து நடந்தால் எந்த வழியாக ஓடுவது, கடலில் விடும் சுடுநீரால் மீன் என்னவாகும் என்று கேட்டார்கள். ஒரு மேற்பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இவை. அரசு நிபுணர் குழுக்களை அனுப்பியது. அதோடு, பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து மனநல நிபுணர்களையும் வரவழைத்தது. உலையைப் பற்றிய கேள்வி, கேட்டவளின் மனநிலையைப் பற்றிய கேள்வியாக மாறிப்போனது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தபோது பாதுகாப்பு தொடர்பாகப் பதினைந்து உத்தரவுகளையும் சேர்த்தே தந்தது. அச்சம் வெறும் மனப்பிராந்தி என்றால் பதினைந்து உத்தரவுகள் எதற்கு?

என் மாணவிகள் சிலர் இயற்பியலும் மின்பொறியியலும் படிக்கிறார்கள். ஒழுங்குமுறை வாரியத்துக்குக் கல்பாக்கத்தில் ஓர் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. ராசிபுரத்திலிருந்தோ திருச்செங்கோட்டிலிருந்தோ ஒரு பெண் அங்கே போக முடியும், போக வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து இந்த வாரியத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நாளை அவர்களில் ஒருத்தி அதில் உட்கார்ந்தால் நானும் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன். ஆனால் ‘முதல் பெண் தலைவர்’ என்று அட்டைப்படம் போடுவதோடு நம் எழுத்து நிற்கக் கூடாது. லிண்டா கீனுக்கு அட்டைப்படத்தால் ஓர் இரவுகூடப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அரசாணையில் பிறந்த வாரியத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சட்டம் கிடைத்தது நல்லதே. அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவரை யார் நியமிக்கிறார்கள்? எந்தக் காரணம் சொல்லி நீக்கலாம்? அவர் எழுதிய குறைப் பட்டியலை நாம் படிக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில்தான் ஒரு நிபுணரின் பணிவாழ்க்கையை நிர்ணயிக்கிறது. அவருடைய துணிச்சல் பிறகுதான் வருகிறது. துணிச்சல்காரர்கள் தேவைப்படாத ஏற்பாடே நல்ல ஏற்பாடு.

அதே மூன்று கேள்விகளை உங்கள் ஊர் எக்ஸ்ரே மையத்திலும் கேட்கலாம். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது, உரிமம் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நிற்கும் பெண்ணின் உடுப்பில் பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவளிடம் கோபப்படாதீர்கள். நிறுத்தச் சொல்ல அவளால் முடியாது. முதலாளியிடம் நீங்கள் கேளுங்கள்.